உயிருள்ள ரத்தக்குழாய் சின்னசேலத்துக்கு எப்போது வரும்?

முழங்கால் மடிப்புக்குப் பின்னால் ஒரு தமனி ஓடுகிறது. கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகும் ரத்தம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். பைக்கில் போகிறவர் தூக்கி வீசப்பட்டு முழங்கால் மூட்டு விலகினாலோ, எலும்பு நொறுங்கினாலோ அந்தத் தமனி கிழிந்துவிடும். சில நேரம் வெளியில் பெரிய காயம்கூடத் தெரியாது. பாதம் மட்டும் ஜில்லிட்டு, வெளுத்து, உணர்ச்சி குறைந்துகொண்டே வரும். ரத்த ஓட்டம் நின்ற தசை ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் குழாயைச் சரிசெய்யாவிட்டால் உயிரைக் காக்கக் காலை எடுக்க வேண்டிய நிலை வரும்.

சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் 79ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சின்னசேலத்தை ஒட்டிப் போகிறது. அந்தச் சாலையை நான்கு வழியாக விரிவாக்கியபோது ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழிச் சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டுவிட்டார்கள். நான்கு தடத்தில் வேகமெடுத்து வரும் லாரியும் பேருந்தும் திடீரென இரண்டு தடத்துக்குள் நுழைந்து எதிரெதிரே மோதிய விபத்துகளை இந்த வட்டார மக்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால், கிழிந்த தமனியைச் சரிசெய்ய அந்தத் தொழில் தெரிந்த கையும், அதற்கு ஏற்ற குழாயும் வேண்டும்.

அந்தக் குழாய் இன்றைக்கு எங்கிருந்து வருகிறது? நோயாளியின் உடம்பிலிருந்தேதான். அடிபடாத காலின் உட்புறத்தில் கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரையில் ஒரு துண்டை அறுவைச் சிகிச்சை நிபுணர் வெட்டி எடுக்கிறார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத்தான் தைக்க வேண்டும். சிரைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடும். திருப்பாமல் வைத்தால் பாதத்துக்குப் போக வேண்டிய ரத்தத்தை அவையே மறித்துவிடும். தலைமுடி போன்ற மெல்லிய நூலால், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரு முனைகளையும் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். கவ்வியை எடுத்ததும் வெளுத்த பாதத்தில் சூடு திரும்ப வேண்டும். பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்குக் காலிலிருந்து எடுப்பதும் இதே சிரைதான்.

எல்லோருக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. விபத்தில் இரண்டு காலும் சிதைந்திருக்கலாம். வயலிலும் கடையிலும் நாள் முழுக்க நின்றவர்களுக்குச் சிரைகள் புடைத்துச் சுருண்டிருக்கலாம். முன்பே பைபாஸ் செய்துகொண்டவருக்கு எடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது செயற்கை இழைக் குழாயைப் பொருத்துகிறார்கள். அகலமான குழாய்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. உள்விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. தார்ச்சாலையின் மண்ணும் எண்ணெயும் ஏறிய காயத்தில் செயற்கைக் குழாயை வைத்தால் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். உயிரில்லாத பொருளில் கிருமி ஒட்டிக்கொண்டால் எந்த மருந்தாலும் அதை எளிதில் விரட்ட முடியாது.

இந்த இடத்தில்தான் 2024 டிசம்பர் 19 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அளித்த ஓர் ஒப்புதல் நமக்கு முக்கியமாகிறது. ஹியூமாசைட் என்ற நிறுவனத்தின் ‘சிம்வெஸ்’ என்னும் ரத்தக்குழாய்க்கு அது அனுமதி தந்தது. கை, கால் தமனி அறுந்து, உடனே ரத்த ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் உறுப்பே போய்விடும் என்ற நிலையில், சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாத பெரியவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. நெடுஞ்சாலை விபத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அதற்கு முன்பே உக்ரைன் மருத்துவமனைகளில் போரில் காயம்பட்டவர்களுக்கு இந்தக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள்.

இதைச் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. இறந்த கொடையாளரின் பெருந்தமனியிலிருந்து தசைச் செல்களை எடுத்து வளர்க்கிறார்கள். கட்டிடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, உடலில் தானே கரைந்துவிடும் இழையால் குழாய் வடிவில் ஒரு வலையைப் பின்னி, அதன் மேல் செல்களைப் பரப்புகிறார்கள். சத்துநீர் நிறைந்த பைக்குள் வைத்து, இதயத் துடிப்பைப் போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்து, சில வாரங்கள் வளர்க்கிறார்கள். வலை கரையும், செல்கள் சுரந்த கொலாஜன் புரதம் இறுகி உண்மையான குழாய்ச் சுவராகும். பிறகு அந்தச் செல்களைக் கழுவி நீக்கிவிடுகிறார்கள். கொடையாளரின் செல் இல்லாததால் நோயாளியின் உடல் அதை எதிர்த்து விரட்டுவதில்லை; யாருக்கும் பொருத்தலாம். 6 மில்லிமீட்டர் விட்டமும் 42 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட அந்தக் குழாய் மருத்துவமனை அலமாரியில் தயாராகக் காத்திருக்கும். பொருத்தியபின் நோயாளியின் சொந்தச் செல்களே மெல்ல உள்ளே குடியேறுகின்றன. மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்த திசுத் துண்டுகளில் இது தெரிந்திருக்கிறது. கொடுத்தபோது உயிரற்றிருந்த குழாய், உடலுக்குள் உயிர்பெறுகிறது.

இதில் குறையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் கிழிந்தோ தையல் விட்டோ உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்படலாம் என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புதல் கிடைத்தது. அறிமுகமானபோது ஒரு குழாயின் விலை 29,500 டாலர். ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 5 லட்சம். அந்த விலையில் ஒரே ஒரு குழாய்க்கு ஐந்து குடும்பங்களின் வரம்பு போய்விடும்.

ரத்தக்குழாயைத் தைப்பதே ஒரு காலத்தில் முடியாத காரியமாக இருந்தது. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றுக்குள் பெரிய சிரை அறுந்திருந்தது. அதைத் தைத்து ஒட்டும் வித்தை அன்று எவருக்கும் தெரியாது. அதே ஊரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் கேரல், பூவேலைத் தையல் செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்தையல் பழகி, குழாயோடு குழாயைச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வகத்தில் ரத்தக்குழாயை வளர்க்கும் முதல் முயற்சியை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைன்பெர்க்கும் பெல்லும் 1986இல் வெளியிட்டார்கள். அழுத்தம் தாங்கும் தமனியை லாரா நிக்லாசன் 1999இல் வளர்த்துக் காட்டினார். ஹியூமாசைட்டைத் தொடங்கியவர் அவர்தான். அந்த ஆய்விலிருந்து ஒப்புதல் வரை 25 ஆண்டுகள்.

விபத்தில் சிக்குவோரைவிட இந்தத் தொழில்நுட்பம் அதிகமாகத் தேவைப்படுவது குழந்தைகளுக்கு. பிறக்கும் 1,000 குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோவொரு பிறவிக் குறை இருக்கிறது. ‘இதயத்தில் ஓட்டை’ என்று ஊரில் சொல்வது அவற்றில் ஒரு வகை. சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் குழாயே சரியாக அமைந்திருக்காது. புதிதாக ஒன்றைப் பொருத்த வேண்டும். குழந்தை வளரும், பொருத்திய குழாய் வளராது. ஆகவே, நான்கு வயதில் நெஞ்சைத் திறந்தவர்கள் பத்து வயதிலும், பிறகு இளமையிலும் மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய தழும்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆபத்து கூடும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒவ்வொரு அறுவைச் சிகிச்சையும் பல மாத வருமான இழப்பு.

வளரும் குழாயைப் பொருத்தும் முதல் முயற்சி டோக்கியோவில் நடந்தது. 1999 மே மாதம், தோஷிஹாரு ஷினோகா என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் நான்கு வயதுச் சிறுமியின் சிரையிலிருந்து செல்களை எடுத்து, கரையும் சாரத்தில் வளர்த்து, அவளுடைய நுரையீரல் தமனிக்கே பொருத்தினார். அவரோடு பணிபுரிந்த கிறிஸ்டோபர் புரூயர் அமெரிக்காவில் இதே சோதனையைத் தொடங்கியபோது குழாய்கள் சுருங்கின. அடைப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. ஏன் சுருங்குகிறது என்று ஆராய்ந்தவர்கள், ஆட்டுக்குட்டிகளில் அந்தச் சுருக்கம் காலப்போக்கில் தானே சரியாவதைக் கண்டார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டிரான்குவில்லோ குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டுக்குட்டிகளுக்குப் பொருத்திய குழாயின் விட்டம் ஓராண்டுக்குள் 56 விழுக்காடு கூடியிருந்தது. குட்டி வளர வளரக் குழாயும் வளர்ந்தது.

நடுவில் ஒரு பெருந்துயரமும் உண்டு. 2001இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில், செல் நீக்கிய பன்றி வால்வை நான்கு சிறுவர்களுக்குப் பொருத்தினார்கள். ஒருவர் ஏழாம் நாளும், ஒருவர் ஆறு வாரத்திலும், இன்னொருவர் ஓராண்டிலும் இறந்தார்கள். நான்காம் சிறுவனின் வால்வை முன்கூட்டியே அகற்றிவிட்டார்கள். பன்றியின் செல்கள் முழுமையாக நீங்கியிருக்கவில்லை. உடல் கடுமையாக எதிர்த்தது. தோல்வியை மறைக்காமல் 2003இல் அந்த மருத்துவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தத் துறையில் யாரும் செல் நீக்கத்தை மேம்போக்காகச் செய்யத் துணிவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி புதிதல்ல. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தவர் கே.எம்.செரியன். 2025 ஜனவரியில் மறைந்த அவர், தாம் நிறுவிய ஃபிரண்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில் செல் நீக்கிய மாட்டுக் கழுத்துச் சிரை, மாட்டு இதய உறை ஆகியவற்றை இதயப் பழுதுக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் ஊக்குவித்தார். மாட்டின் கழுத்துச் சிரைக்குள் இயற்கையாகவே வால்வு இருக்கிறது. நுரையீரல் குழாய் இல்லாத குழந்தைக்கு அது ஏற்ற அளவு. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் சுவாமிநாதன் சேதுராமன் தலைமையிலான குழு கரையும் நுண்ணிழைகளால் ரத்தக்குழாய்ச் சாரம் அமைப்பதை ஆராய்ந்துவருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்லை நீக்கி உருவாக்கிய ‘கோலிடெர்ம்’ என்ற காயத் திசுவுக்கு 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. விலங்கு உறுப்பிலிருந்து எடுத்த திசுப் பொறியியல் சாரம் ஒன்று உள்நாட்டில் உருவாகி, மிகக் கடுமையான ‘டி’ பிரிவில் அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. தோலுக்குச் செய்ததை ரத்தக்குழாய்க்குச் செய்ய அறிவு இங்கே இருக்கிறது. பணமும் பொறுமையும்தான் வேண்டும்.

பொறுமைக்கு அதே ஸ்ரீசித்திரை நிறுவனம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. எம்.எஸ்.வலியத்தான் அங்கே இந்திய இதய வால்வை உருவாக்கத் தொடங்கியபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லால் தட்டு செய்துகூடப் பார்த்தார்கள். நான்காவதில்தான், தேயாத உயர்வகை பாலிஎத்திலீன் தட்டும் கோபால்ட்-குரோமியக் கூடும் பொருந்தின. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரித்த அந்த வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத தொழிலாளியின் நெஞ்சுக்குள் இன்று அது துடிக்கிறது. அரசு நிறுவனம் தோல்விக்கு அஞ்சாமல் பத்தாண்டுக்கு மேல் செலவழித்ததால்தான் அது முடிந்தது.

அந்த வால்வின் எல்லையையும் கல்வராயன் மலையில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். தொண்டை வலி என்று கவனிக்காமல் விட்ட கிருமித் தொற்று சில குழந்தைகளுக்கு முடக்குக் காய்ச்சலாகி, மூட்டுகளை வாட்டிவிட்டு இதய வால்வைச் சிதைத்துவிடும். நெருக்கமான வீடும் வறுமையும் இருக்கும் இடத்தில் இந்த நோய் வளரும். உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க ‘அசிட்ரோம்’ போன்ற மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி. கூடினால் மூளையில் ரத்தக்கசிவு. சரியான அளவை அறிய ‘ஐ.என்.ஆர்.’ என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வால்வு பொருத்திய இளம்பெண் கருவுற்றால் மாத்திரை குழந்தையைப் பாதிக்கும். நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. மலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து ஒரு பரிசோதனை செய்துகொள்ள ஒரு நாள் கூலி போய்விடும். இந்த மலை மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் போதவில்லை. அவர்களுடைய வாழ்நிலை குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

மாத்திரை தேவைப்படாத, வளரக்கூடிய, உயிருள்ள வால்வு கிடைத்தால் அதிகம் பயன்பெறுபவர்கள் இவர்கள்தான். நியூயார்க்கில் பத்து நிமிட நடையில் பரிசோதனை செய்துகொள்பவருக்கு உலோக வால்வு ஒரு சிரமம். வெள்ளிமலைப் பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வெளிநாட்டு நிறுவனங்களின் முன்னுரிமைப் பட்டியலில் அவர் இல்லை. நம்முடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

இதயத் தசைக்கே ஒட்டுப் போடும் ஆராய்ச்சியும் முன்னேறுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வொல்ஃப்ராம் சிமர்மான் குழு, குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்த்த இதயத் தசைத் துண்டை, மாற்று இதயத்துக்குக் காத்திருந்த 46 வயதுப் பெண்ணின் இதயத்தில் பொருத்தி, 2025 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. மாற்று அறுவையின்போது எடுத்த பழைய இதயத்தில் அந்த ஒட்டு உயிரோடு இருந்தது. ஜப்பானில் 2015இல் நிபந்தனை அனுமதி பெற்ற ‘ஹார்ட்ஷீட்’ என்ற தசைத் தகடோ, எதிர்பார்த்த பலனை நிரூபிக்க முடியாமல் 2024இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒட்டு உயிரோடு இருப்பது ஒன்று, அது இதயத்துக்கு உதவுவது இன்னொன்று. “ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் புதிதாகும்” என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களை வாசகர்கள் நம்ப வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு வேகத்தில் இருக்கிறது. உடனே செய்யக்கூடியவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை தனி உயர்சிறப்புப் படிப்பு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனித் துறையே உண்டு. நெடுஞ்சாலையோர மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரிகளில் அந்த நிபுணர் இரவிலும் கிடைக்க வேண்டும். சின்னசேலத்திலிருந்து சேலத்துக்குச் செல்லும் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் ஆறு மணி நேரத்தின் ஒரு பகுதி கரைந்துவிடக் கூடாது. குளிர்ந்த பாதத்தைத் தொட்டுப் பார்த்து, நாடித் துடிப்பைத் தேடி, தமனிக் காயம் என்று சந்தேகிக்க 108 ஊழியருக்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும் பயிற்சி வேண்டும். விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவியை வெள்ளிமலையிலும் மற்ற மலை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கலாம். முடக்குக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் கிடைத்தால் பலருக்கு வால்வே மாற்ற வேண்டியிருக்காது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. அந்த ஊசியையும் அதன் கணக்கில் சேர்க்கலாம்.

மெதுவான வேலை ஆராய்ச்சி. உறுப்புக் கொடையில் நாட்டுக்கே முன்னோடியான தமிழ்நாடு, மாற்ற முடியாத இதயங்களின் வால்வுகளையும் ரத்தக்குழாய்களையும் பாதுகாக்கும் திசு வங்கியை அரசு மருத்துவமனைகளில் வலுப்படுத்த வேண்டும். அந்த வங்கிதான் நாளைய செல் நீக்கிய வால்வுக்கும் குழாய்க்கும் மூலப்பொருள். சாஸ்த்ராவும் ஸ்ரீசித்திரை நிறுவனமும் இன்னும் பலரும் ஆய்வகத்தில் செய்வதை, ஆட்டிலும் பின்னர் மனிதரிலும் சோதிக்க பல கோடி ரூபாயும் பத்தாண்டும் ஆகும். தனியார் முதலீட்டாளர் அவ்வளவு காத்திருக்க மாட்டார். வலியத்தானுக்கு அரசு அன்று கொடுத்த அவகாசத்தை இன்றைய ஆய்வாளர்களுக்கும் கொடுக்க வேண்டும். சோதனைக்கு வரும் நோயாளிக்கு அவர் மொழியில் ஆபத்தை விளக்கி, தோல்வியையும் மறைக்காமல் வெளியிடும் ஒழுங்கும் அதோடு வர வேண்டும்.

உள்நாட்டு ரத்தக்குழாய்க்கும் வளரும் வால்வுக்கும் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நீண்டகால நிதி ஒதுக்க வேண்டும். கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரிகளை அந்தச் சோதனைகளில் தொடக்கம் முதலே சேர்க்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கை தயாராகும்போது தமிழ்நாட்டின் சுகாதாரத் துறை இதை முதல் கோரிக்கைகளில் ஒன்றாக வைக்கட்டும்.